மெஷின் எங்கடா?

2025 ஏப்ரலில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு சிட்னியிலிருந்து ஜப்பான் போயிருந்தோம். நான், தங்கமணி, மகள், மகன், இவர்களோடு ஆனேக்கல்லில் இருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் அப்பா. "பூகம்பம் வர்ற ஊருக்கு எதுக்குடா காசு குடுத்துப் போற?" என்று கேட்டுக்கொண்டே முதல் ஆளாகப் பெட்டி கட்டியவர் அவர்தான்.

பத்து வயது மகனுக்கு ஒரே ஒரு நிபந்தனை. புஜி மலை வேண்டாம், புல்லட் ரயில்கூட இல்லாவிட்டால் பரவாயில்லை, போகிமான் கஃபேக்குப் போயே ஆக வேண்டும். டோக்கியோவில் நிஹோம்பாஷி பகுதியில், தகாஷிமாயா கடைத்தொகுதியில் 2018-இல் திறந்த உணவகம் அது. நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாது. ஒரு மாதம் முன்னதாக இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்து வளர்ந்த பரம்பரை, இதெல்லாம் நமக்கு ஜுஜுபி என்று நினைத்தேன். மூன்று நாள் தோற்றேன். நாலாவது நாள் தங்கமணி எடுத்துக் கொடுத்தார். (அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார் என்பது தனிக்கதை.)

போய் உட்கார்ந்தோம். பிகாச்சு முகம் மாதிரி பிடித்து வைத்த சோறு வந்தது. காபி நுரையில் படம் வந்தது. சமையல்காரத் தொப்பி போட்ட பிகாச்சுவே நடந்து வந்து கையாட்டியது. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. எனக்கு அவன் முகத்தைப் பார்ப்பதா, தட்டைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. 90 நிமிடம்தான் கணக்கு, அதற்குள் எல்லாவற்றையும் படம் பிடித்தாக வேண்டும்.

அன்றைக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் அப்பா திம்மராயசாமிக்காக சைவம். ஆகவே காபி மட்டும் வாங்கிக்கொண்டு, நுரையில் இருந்த முகத்தைக் கலைக்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"மெஷின் எங்கடா?"

"எந்த மெஷின்ப்பா?"

"வீடியோ கேம் ஓட்டல்னு சொன்னியே. ஒரு மெஷினும் காணோம். யாரும் விளையாடல, எல்லாரும் சாப்பிடுறாங்க."

நியாயமான கேள்வி. சுற்றிப் பார்த்தேன். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். விளையாட்டு பொம்மையாக இருந்தது, படமாக இருந்தது, தட்டில் சோறாக இருந்தது. விளையாடுவதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்த மெஷின் எங்கே போயிற்று என்பதற்கு பதில் சொல்ல எனக்கு அன்றைய ராத்திரி முழுவதும் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில், ஒரு சாராயக்கடையில் தொடங்குகிறது. இன்றைக்கு சன்னிவேலில் தடுக்கி விழுந்தால் நம்மூர் மளிகைக்கடைதான். 1972-இல் அப்படி இல்லை. நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் அந்த வருடம் அட்டாரி கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளர் பாங் என்ற ஆட்டத்தைச் செய்தார். இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்த மாதிரி எந்திரத்தை ஆண்டி காப்ஸ் என்ற மதுக்கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். கொஞ்ச நாளில் கடைக்காரர் கூப்பிட்டார்: உங்க எந்திரம் நின்று போச்சு. அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. காசு போடும் பெட்டி நிரம்பி வழிந்து, அடுத்த காசு உள்ளே இறங்க இடமில்லை! அல்கார்னே பல பேட்டிகளில் சொன்ன கதை இது.

அப்பாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அது ரிப்பேர் இல்ல. அது வியாபாரம்" என்றார்.

ஆக, முதலில் எந்திரம்தான் சாப்பாட்டுக்கடைக்கு விருந்தாளியாக வந்தது. குடிக்க வந்தவன் ஒரு ஓரமாக நின்று விளையாடினான். இதில் புஷ்னெலுக்கு இரண்டு குறைகள். ஒன்று, எந்திரத்தை விற்றால் அட்டாரிக்கு ஒரு தடவைதான் பணம். வாங்கி வைத்திருப்பவனுக்கு வருடக்கணக்கில் காசு விழுந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது, அமெரிக்காவில் பிள்ளைகளை மதுக்கடைக்குள் விட மாட்டார்கள். விளையாடத் துடிப்பது பிள்ளைகள், எந்திரம் இருப்பது பெரியவர்கள் இடத்தில்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் 1977 மே மாதம் சான் ஹோசேயில் திறந்த சக் ஈ. சீஸ் பீட்சா டைம் தியேட்டர். அமெரிக்க நண்பர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டாம், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு தடவையாவது போய் வந்திருப்பார்கள். ஆடிப் பாடும் எந்திர பொம்மைகள் மேடையில், ஓரமாக ஆட்டப் பெட்டிகள், நடுவில் பீட்சா. (பொம்மைக்காக ஓநாய் வேஷம் என்று நினைத்து புஷ்னெல் வாங்கியது பிரித்துப் பார்த்தால் எலி வேஷமாம். சரி, எலியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக்கடைக்கு எலியை அடையாளமாக வைத்து ஜெயித்தவர்கள் உலகத்திலேயே இவர்கள்தான் இருப்பார்கள்.)

ஏன் பீட்சா? இங்கேதான் அந்த ஆளின் மூளை. பீட்சா செய்யப் பெரிய சமையல்காரர் வேண்டாம், கெட்டுப்போவதற்கு வாய்ப்பு குறைவு என்பதெல்லாம் சரி. முக்கியமான காரணம் வேறு. பீட்சா வேகக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்காக வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அந்த நேரத்தில் பிள்ளை சும்மா உட்காருமா? எந்திரத்தில் காசு போடும். அதாவது சமையல் தாமதமாவது மற்ற ஓட்டலுக்கெல்லாம் நஷ்டம், இவருக்கு மட்டும் லாபம். காத்திருக்கும் நேரத்தை விலைக்கு விற்ற முதல் ஓட்டல்காரர் என்று இவரைச் சொல்லலாம்.

நம் பெங்களூர்க்காரர்கள் இதற்கு நேர் எதிராகப் போனவர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். 1983-இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி வந்தது. டோக்கன் வாங்கு, நின்றபடியே சாப்பிடு, கைகழுவு, கிளம்பு. நாற்காலியே இல்லை. காத்திருப்பதை ஒழித்துக் காசு பார்த்தது பெங்களூர், காத்திருக்க வைத்துக் காசு பார்த்தது சான் ஹோசே. அப்பா சிரித்தார். "ரெண்டு இட்லி வேக எவ்ளோ நேரம்டா? அதுக்குள்ள என்ன கேம் ஆடறது?"

புஷ்னெல் அட்டாரியை 1976-லேயே வார்னர் கம்பெனிக்கு விற்றிருந்தார். பீட்சா கடையை மட்டும் அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ஊரெல்லாம் கிளைகள் திறந்தார். 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் தொழில் தலைகுப்புற விழுந்தது. 1984-இல் பீட்சா டைம் திவாலாகி, ஷோபிஸ் என்ற போட்டிக் கம்பெனியின் கைக்குப் போனது. பெயர் மட்டும் தப்பியது. 2020 கொரோனாவில் மறுபடி திவால், மறுபடி பிழைத்தது. ஒரு எலிக்கு இது அதிகமான ஆயுள்தான். :-)

இனி ஜப்பான். இது இன்னும் சுவாரசியம்.

டைட்டோ என்ற கம்பெனியை 1953-இல் டோக்கியோவில் தொடங்கியவர் மைக்கேல் கோகன் என்கிற புலம்பெயர்ந்த ரஷ்ய யூதர். (நம்ம இனம்!) ஓட்கா, விற்பனை எந்திரம், ஜூக்பாக்ஸ் என்று எது ஓடுமோ அதைச் செய்தார். அந்தக் கம்பெனியில் டொமொஹிரோ நிஷிகாடோ என்ற பொறியாளர், தேவையான கருவிகளையும் தானே செய்துகொண்டு, கிட்டத்தட்டத் தனி ஆளாக உருவாக்கியது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வருடம் 1978. மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் அந்நியர்களைச் சுட வேண்டும். சுடச் சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக நகருவார்கள். முதலில் இது திட்டமிட்டுச் செய்ததே இல்லை. உள்ளே இருந்த இன்டெல் 8080 சில்லுக்கு அத்தனை உருவங்களையும் வரைய நேரம் பிடித்தது. உருவங்கள் குறையக் குறைய அதற்கு வேலை குறைந்து ஓட்டம் கூடியது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார், ஆட்டத்தின் உயிரே அதுதான் ஆகிப்போனது.

"ஃபேக்டரில ஆளைக் குறைச்சா மிச்சம் இருக்கறவன் ஓடற மாதிரி" என்றார் அப்பா. இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கேயும் படித்ததில்லை.

ஜப்பானில் அப்போது தெருவுக்குத் தெரு கிஸ்ஸாதென் என்னும் சின்னக் காபிக்கடைகள். இடமோ குறுகல். நிற்கும் பெட்டியை எங்கே வைப்பது? ஆகவே மேஜையையே எந்திரமாக்கினார்கள். கண்ணாடிக்குக் கீழே திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், மேலே காபிக் கோப்பை. உட்கார்ந்து, கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, நூறு யென் காசைப் போட வேண்டியதுதான். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்த வேகத்தில் பல கடைகள் இருந்த மேஜைகளைத் தூக்கிவிட்டு இதைப் போட்டன. இன்வேடர் வீடு என்றே பெயர் வந்தது. நாடு முழுவதும் நூறு யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது என்று ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் கதை சாகவில்லை.

சன்னிவேலில் எந்திரம் சாப்பாட்டுக்கடையின் மூலையில் நின்றது. சான் ஹோசேயில் பாதிக் கடையைப் பிடித்தது. ஜப்பானில் சாப்பிடும் மேஜையாகவே ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 1980-இல், ஆட்டமே சாப்பாடாக மாறியது. நாம்கோ கம்பெனியின் தோரு இவதானி, கேம் கடைகள் ஆண்கள் கூட்டமாகவே இருப்பதைப் பார்த்து, பெண்களும் ஜோடிகளும் வர என்ன செய்யலாம் என்று யோசித்தார். சண்டை வேண்டாம், சாப்பிடுவதை வைத்துச் செய்வோம் என்று முடிவு. அதுதான் பேக்-மேன். ஒரு துண்டு எடுத்த பீட்சாவைப் பார்த்துத்தான் அந்த உருவம் தோன்றியது என்று சொல்லுவார்கள். அது பாதிதான் உண்மை, வாய் என்பதற்கான ஜப்பானிய எழுத்தும் மனதில் இருந்தது என்று இவதானியே பிறகு சொன்னார். பகு பகு என்றால் ஜப்பானியத்தில் வாயைத் திறந்து மூடிச் சாப்பிடும் ஓசை. நம்ம ஊர் லபக் லபக்.

இப்போது கொசுவத்தியை எங்கள் ஊர்ப் பக்கம் சுற்ற வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் மேஜைகள் எந்திரமான அதே 1978-இல், ஓசூர் ரோட்டில், எங்கள் தாலூகாவை ஒட்டிய கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டி தொடங்கியது. செய்தது கியோனிக்ஸ் என்ற கர்நாடக அரசு நிறுவனம், கனவு கண்டவர் அதன் முதல் தலைவர் ஆர். கே. பாலிகா. பெங்களூரை இந்தியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்காக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது அங்கே இருந்தது ராகி வயல்தான். இன்ஃபோசிஸ் அங்கே வந்தது 1994-இல். அதற்கு வெகு முன்னால், 1980-இல், 28 வயதில், அப்பா அங்கே ஒரு சின்னத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் ஆனேக்கல்லில் பஸ் ஏறி சந்தாபுரம் வந்து, அங்கிருந்து ஓசூர் ரோட்டில் இன்னொரு பஸ். சட்டையில் எப்போதும் ஈயம் உருகிய வாசனை இருக்கும்.

எங்கள் ஊர் பஸ் நிலையம் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பக்கத்திலேயே பஜ்ஜிக்கடை. இரண்டுக்கும் நடுவில் சுவர்கூட இல்லை, தகரத் தட்டிதான். ஒரு கையில் பஜ்ஜி, ஒரு கையில் ஜாய்ஸ்டிக். புஷ்னெல் பார்த்திருந்தால் பங்கு கேட்டிருப்பார். ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். காதல் தேசம் படம் (1996) வருவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு முஸ்தபா இருந்தார். கேப்காம் கம்பெனி 1993-இல் விட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் ஆட்டத்தில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஓடி வந்து உதைப்பாரே, அவர்தான். அந்த ஆட்டத்தின் நிஜப் பெயர் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. இந்தியா முழுக்க அதற்கு முஸ்தபா கேம் என்றுதான் பெயர்.

1995, எனக்குப் பதின்மூன்று வயது. கணக்கு டியூஷனுக்குக் கொடுத்த பணத்தில் பாதியை அந்தக் கடையில் போட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலாவது கட்டத்தில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் காதைப் பிடித்தது. திரும்பினால் அப்பா. வீடு வரை காதை விடவில்லை. வீட்டில் விழுந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை. போட்டுக் கொடுத்தவன் எதிர்வீட்டுப் பையன் என்று நினைத்து ஒரு வருடம் அவனோடு பேசாமல் இருந்தேன். அப்பாவுக்கு வீடியோ கேம் என்றாலே ஆகாது என்றுதான் முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் கையில் கேம் இருக்கும்போது அவர் அறைக்குள் வந்தால் இன்றைக்கும் எனக்குத்தான் உடம்பு விறைக்கும்.

டோக்கியோவில் ஓட்டல் அறையில் அன்று ராத்திரி இந்தக் கதையை நான் சிரிப்பாகச் சொல்ல, அப்பா கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

"எவனும் போட்டுக் குடுக்கலடா. நான் ரிப்பேருக்கு வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கடை மெஷின்லாம் நான்தான் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமை. ஜாய்ஸ்டிக்ல மைக்ரோ ஸ்விட்ச் போயிடும், போர்டுல சால்டர் விட்டுப்போயிடும். இருபது ரூபா, முப்பது ரூபா குடுப்பான். உன் டியூஷன் காசு அதான். நீ அதைத் திருப்பி அந்த மெஷின்லயே போட்டுக்கிட்டு நின்ன."

அந்த சாயந்திரம் அவர் மறு கையில் ஒரு பை இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே என்ன என்று இத்தனை வருடம் யோசித்ததே இல்லை. சால்டரிங் அயர்ன்.

"ஏன்ப்பா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ தினம் வந்து ஓசில ஆடுவ" என்றார். தங்கமணி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர நேரம் ஆயிற்று.

சரி, அவருடைய கேள்விக்கு வருவோம். மெஷின் எங்கே போயிற்று? முதலில் வீட்டுக்குப் போயிற்று. நின்டெண்டோ 1983-இல் ஃபாமிகாம் என்ற பெட்டியை விட்டது. டிவியில் சொருகி ஆடும் அந்தப் பெட்டியின் நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம்மூர்க் கடைகளில், ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகப் புளுகும் கேசட்டுகளோடு விற்றன. பிறகு சட்டைப்பைக்குள் போயிற்று. கையிலேயே ஆட்டம் இருக்கும்போது அதற்காக யார் காபிக்கடைக்குப் போவார்கள்? பேர்பாதிக் கடைகள் மூடின. ஆனால் முப்பது வருடம் அந்த ஆட்டங்களோடு வளர்ந்த ஒரு கூட்டம் மிஞ்சியது. அவர்களுக்கு விளையாட இடம் வேண்டாம், அந்த உலகத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார இடம் வேண்டும். 2010-இல் ரொப்பொங்கியில் டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தில் வரும் மதுக்கடையை லுயிடாஸ் பார் என்று நிஜமாகவே திறந்தார்கள். 2014-இல் அக்கிஹபாராவில் ஃபைனல் ஃபேன்டசி ரசிகர்களுக்கு எயோர்சியா கஃபே. அப்புறம் போகிமான், கிர்பி, 2021-இல் ஒசாகாவில் மரியோ உலகமும் அதற்குள் காளான் தலையன் நடத்தும் சாப்பாட்டுக்கடையும். புஷ்னெல் விற்ற காத்திருப்பு இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. வருவதற்கு முன்னால் ஒரு மாதம் காத்திருக்கிறோம். வந்த பிறகு 90 நிமிடம் கடிகாரம் ஓடுகிறது.

எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகன் அந்தக் கஃபேயில் கண் கலங்கியது ஊருக்கு வந்தவன் கலங்குவது மாதிரி இருந்தது. ஆனேக்கல் பஸ் நிலையத்தில் இறங்கும்போது எனக்கு வருகிற அதே கலக்கம். அவனை மூன்று தடவை ஆனேக்கல்லுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவனுக்கு அது வரவில்லை. கொசுக்கடி மட்டும் வந்தது.

மறுநாள் அசகுசா பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சந்தில் பழைய காபிக்கடை ஒன்று கண்ணில் பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த மகள்தான் கத்தினாள். மூலையில் அந்த மேஜை! கண்ணாடிக்குக் கீழே அந்நியர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். காபி சொல்லிவிட்டு ஒரு பக்கம் அப்பாவும் எதிர்ப்பக்கம் மகனும் உட்கார்ந்தார்கள். நூறு யென் போட்டதும் மகன் ஒரு நிமிடத்தில் செத்தான். "ரொம்ப ஸ்லோ தாத்தா" என்றான். "இரு, ஆள் குறையட்டும், அப்பத் தெரியும்" என்றார் அப்பா.

அவர் முறை வந்தது. இரண்டு வரிசை சுட்டிருப்பார். திடீரென்று கையை எடுத்துவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து காதை வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நெஞ்சுவலியோ என்று எழுந்தேன். கடைக்காரப் பெரியவரும் பதறி ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல" என்று நிமிர்ந்தார். "இடது பக்கம் ஸ்விட்ச் சரியா ஒட்டல. சத்தத்துலயே தெரியுது. பத்து நிமிஷ வேலை." அதைக் கடைக்காரரிடம் தமிழிலேயே, கையால் அழுத்திக் காட்டிச் சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ, இரண்டு தடவை குனிந்து வணங்கிவிட்டு, இடது பொத்தானை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார்.

மகன் இன்னொரு ஆட்டம் கேட்டான். என்னிடம் சில்லறை இல்லை. அப்பா சட்டைப்பையில் துழாவி ஒரு நூறு யென் எடுத்து அவன் கையில் வைத்தார்.